கீமோவுக்கு முன் கேட்கவேண்டிய கேள்வி: இளம் பெண்களின் புற்றுநோயும் ஹோர்மோன் பரிசோதனையும் கருவளப் பாதுகாப்பும்

வட்டகொடைப் புகையிரத நிலையத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒன்றில் கொழுந்து பறிக்கும் 27 வயதுப் பெண் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், இது ஒருவரின் கதையும் அல்ல. கலியாணமாகி இரண்டு வருடம். பிள்ளை இன்னும் இல்லை. குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது. தோட்ட மருந்தகத்தில் காட்டுகிறார். அங்கிருந்து லிந்துலை, பிறகு நுவரெலியா, பிறகு கண்டி. ஒவ்வோர் இடத்திலும் ஒரு துண்டு, ஒரு திகதி, ஒரு நாள் வேலையிழப்பு. கடைசியில் நோய் உறுதியாகிறது. சத்திரசிகிச்சை நடக்கிறது. கீமோ தொடங்கத் திகதி கொடுக்கிறார்கள்.

இவ்வளவு தூரம் வந்த பிறகும் ஒரு கேள்வி கேட்கப்படாமலேயே இருக்கிறது: "இதற்குப் பிறகு எனக்குப் பிள்ளை பிறக்குமா?" உயிர் தப்பினால் போதும் என்ற நிலையில் அதைக் கேட்பது பேராசை என்று அவர் நினைக்கிறார். கிளினிக்கில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது வைத்தியரும் அதைத் தொடங்குவதில்லை. கீமோவின் முதல் ஊசி ஏறிய பிறகு அந்தக் கேள்விக்கான பதில்களில் பல மூடிவிடும். அதனால்தான் இதைத் திகதிக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மீள்நடுகை இல்லாத மலை

பெண் குழந்தை பிறக்கும்போதே அவளுடைய சூலகங்களில் வாழ்நாளுக்கான முட்டைகள் எல்லாம் இருக்கின்றன. பிறப்பில் 10 முதல் 20 இலட்சம். பூப்படையும் வயதில் 3 முதல் 4 இலட்சம். அவற்றில் ஏறத்தாழ 400 மட்டுமே மாதாமாதம் முதிர்ந்து வெளிவருகின்றன. மற்றவை தாமாகவே அழிந்து போகின்றன. புதிதாக ஒன்றும் உண்டாவதில்லை. தோட்டத்துப் பேச்சில் சொல்வதானால் இது மீள்நடுகை செய்யமுடியாத மலை. இருக்கிற செடி போனால் போனதுதான்.

கீமோ மருந்துகள் வேகமாகப் பெருகும் கலங்களைத் தாக்குகின்றன என்று பொதுவாகச் சொல்வார்கள். சூலகத்தைப் பொறுத்தவரை அது முழு உண்மையல்ல. சைக்கிளோபொஸ்பமைட் போன்ற மருந்துகள் பெருகாமல் உறங்கிக் கிடக்கும் முட்டைகளின் மரபணுப் பொருளையும் சேதப்படுத்துகின்றன. மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் பல மருந்துக் கூட்டுகளில் இந்த மருந்து இருக்கிறது. எவ்வளவு சேதம் என்பது மருந்தின் மொத்த அளவிலும் பெண்ணின் வயதிலும் தங்கியிருக்கிறது. ஒரே சிகிச்சையைப் பெற்ற 25 வயதுப் பெண்ணுக்கு மாதவிடாய் திரும்பி வரலாம், 40 வயதுப் பெண்ணுக்கு அத்தோடு நின்றும் போகலாம். முன்னவரிடம் கையிருப்பு அதிகம் இருந்தது என்பதே காரணம்.

எல்லாப் புற்றுநோய்ச் சிகிச்சையும் ஒன்றல்ல. ஹொட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுநோய்க்கு வழமையாகக் கொடுக்கும் ஏ.பி.வி.டி என்ற கூட்டு சூலகத்துக்குப் பெரிய தீங்கு செய்வதில்லை. எலும்பு மச்சை மாற்றத்துக்கு முன் கொடுக்கப்படும் உச்ச அளவு மருந்துகளும் முழு உடல் கதிர்வீச்சும் பெரும்பாலானவர்களின் சூலகத்தை முடக்கிவிடுகின்றன. இடுப்புப் பகுதிக் கதிர்வீச்சும் கடுமையானது. 2 கிரே அளவுக்கும் குறைந்த கதிரே சூலகத்து முட்டைகளில் பாதியை அழிக்கப் போதும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான கதிர்ச் சிகிச்சை இதைப்போலப் பல மடங்கு. அது கருப்பையின் சுவரையும் பாதிக்கும். ஆகவே "கீமோ எடுத்தால் பிள்ளை பிறக்காது" என்று லயத்தில் யாராவது சொன்னால், எந்த மருந்து, எவ்வளவு, எந்த வயதில் என்று திருப்பிக் கேட்பதே சரி.

ஒரே பெயரில் இரண்டு பரிசோதனைகள்

இங்கேதான் பெரிய குழப்பம் நடக்கிறது. "ஹோர்மோன் செக் பண்ணியாச்சு, பொசிட்டிவ் என்று வந்திருக்கு" என்று நோயாளியின் வீட்டார் சொல்வதைக் கேட்கலாம். அது பெரும்பாலும் கட்டியில் செய்யப்பட்ட பரிசோதனை. வெட்டியெடுத்த கட்டியின் கலங்களில் ஈஸ்ட்ரஜன், புரோஜெஸ்ட்ரோன் ஆகிய ஹோர்மோன்களைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் உண்டா என்று பார்ப்பார்கள். அறிக்கையில் ஈ.ஆர், பி.ஆர் என்று இருக்கும். இருந்தால் தமொக்சிபென் போன்ற ஹோர்மோன் தடை மாத்திரைகள் பலன்தரும். சிகிச்சையைத் தீர்மானிக்க இது அத்தியாவசியம். ஆனால் அந்தப் பெண்ணின் சூலகத்தில் எத்தனை முட்டை மிஞ்சியிருக்கிறது என்பதைப் பற்றி இந்த அறிக்கை ஒரு சொல்லும் சொல்லாது.

சூலகத்தின் நிலையைக் காட்டுவது இரத்தத்தில் செய்யப்படும் வேறு பரிசோதனை. அதில் முதன்மையானது ஏ.எம்.எச். சூலகத்தில் வளரத் தொடங்கியிருக்கும் சின்னஞ்சிறு முட்டைப்பைகளே இந்த ஹோர்மோனைச் சுரக்கின்றன. பைகள் அதிகம் என்றால் அளவும் அதிகம். மாதவிடாய்ச் சக்கரத்தின் எந்த நாளிலும் இரத்தம் எடுக்கலாம் என்பது இதன் வசதி. தொலைதூரத்திலிருந்து வரும் பெண்ணுக்கு அது சிறிய வசதியல்ல. பழைய பரிசோதனையான எப்.எஸ்.எச் அப்படியல்ல. மாதவிடாயின் 2 முதல் 4 ஆம் நாளுக்குள், ஈஸ்ட்ரடயோல் அளவோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதற்கு அர்த்தம் இருக்கும். மூன்றாவது வழி ஸ்கான். சூலகத்தில் தெரியும் சிறு பைகளைத் திரையில் எண்ணுவார்கள்.

ஏ.எம்.எச் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கலங்குபவர்களுக்குச் சில விடயங்கள். முதலில் அலகைப் பாருங்கள். சில ஆய்வுகூடங்கள் மில்லிலீற்றருக்கு நனோகிராம் என்றும் சில லீற்றருக்கு பிக்கோமோல் என்றும் அச்சிடுகின்றன. முதலாவதில் 1 என்பது இரண்டாவதில் 7.14. ஒரு ஆய்வுகூடத்தில் 7 என்று வந்தது இன்னொன்றில் 1 என்று வந்தால் கையிருப்பு வீழ்ந்துவிட்டதாக அர்த்தமில்லை. கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு அளவு குறைவாகக் காட்டும். சூலகத்தில் நீர்க்கட்டிகள் உள்ள பெண்களுக்கு உயர்வாகக் காட்டும். கீமோ நடக்கும் காலத்தில் ஏறத்தாழ எல்லோருக்கும் இது அடிமட்டத்துக்கு வீழும். முடிந்து ஓரிரு வருடங்களில் ஓரளவு மீளலாம், மீளாமலும் போகலாம்.

மிக முக்கியமானது: ஏ.எம்.எச் குறைவு என்பது பிள்ளை பிறக்காது என்பதல்ல. முட்டைகளின் எண்ணிக்கையை மட்டுமே இது மதிப்பிடுகிறது, தரத்தைச் சொல்வதில்லை. கர்ப்பம் தரிக்க ஒரு மாதத்தில் ஒரு நல்ல முட்டை போதும். இந்த எண்ணின் உண்மையான பயன், கீமோவுக்கு முன் ஊசி போட்டால் எத்தனை முட்டைகள் கிடைக்கும் என்று முன்கூட்டி ஊகிப்பதிலும், சிகிச்சைக்குப் பின் எவ்வளவு மிஞ்சியது என்று ஒப்பிடுவதிலும் இருக்கிறது. முன் எண் இல்லாவிட்டால் பின் எண்ணை எதனோடு ஒப்பிடுவது? முட்டையை உறைய வைக்கும் எண்ணம் இல்லாதவரும் கீமோவுக்கு முன் ஒருமுறை இதைச் செய்துகொள்வது நல்லது என்பது என் எண்ணம். ஒரு தடவை இரத்தம் எடுப்பதோடு முடிந்துவிடும் காரியம். ஆனால் இது பெரும்பாலும் தனியார் ஆய்வுகூடத்தில் காசு கொடுத்தே செய்யவேண்டியது என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

மாதவிடாயை வைத்து மட்டும் முடிவெடுப்பதும் பிழை. கீமோவில் நின்றுபோன மாதவிடாய் பல மாதங்களுக்குப் பிறகு திரும்பலாம். திரும்பி வந்துவிட்டது என்பதால் கருவளம் பழையபடி இருக்கிறது என்றும் ஆகாது. நின்றிருக்கும் காலத்திலும் சிலர் எதிர்பாராமல் கர்ப்பமடைந்திருக்கிறார்கள். கீமோ நடக்கையில் கரு உண்டானால் சிசுவுக்கு ஆபத்து. ஆகவே சிகிச்சைக் காலத்தில் கருத்தடை அவசியம். மார்பகப் புற்றுநோயாளர்களுக்கு ஹோர்மோன் கலந்த மாத்திரையோ ஊசியோ பொருந்தாது, ஆணுறை அல்லது செப்பு லூப் தான்.

காக்கும் வழிகள்

புற்றுநோய் மருத்துவத்தையும் கருவள மருத்துவத்தையும் இணைக்கும் துறைக்கு அமெரிக்க ஆய்வாளர் தெரேசா வூட்ரஃப் 2006 இல் தனிப்பெயர் கொடுத்தார். அதே ஆண்டில் அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம், சிகிச்சைக்கு முன்பே இதைப்பற்றி நோயாளியுடன் பேசவேண்டும் என்று வழிகாட்டி வெளியிட்டது. வைத்தியர் சொல்ல மறந்தால் நோயாளி கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

நன்கு நிலைபெற்ற வழி முட்டைகளை எடுத்து உறைய வைப்பது. உறைந்த முட்டையிலிருந்து முதல் பிறப்பு 1986 இல் அவுஸ்திரேலியாவில் பதிவானது. நொடிப்பொழுதில் உறைய வைக்கும் புதிய முறை வந்தபின்பே இது நம்பகமானது. 2012 இல் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் இதைப் "பரிசோதனை முயற்சி" என்ற பட்டியலிலிருந்து நீக்கியது. 10 முதல் 14 நாட்கள் தினமும் ஊசி போட்டு ஒரே நேரத்தில் பல முட்டைகளை முதிரச் செய்வார்கள். பிறகு சிறு மயக்கத்தில் ஊசி வழியே எடுப்பார்கள். முன்பு மாதவிடாய் வரும்வரை காத்திருந்தார்கள். இப்போது சக்கரத்தின் எந்த நாளிலும் தொடங்கலாம். ஊசியால் ஈஸ்ட்ரஜன் கூடும் என்ற பயம் மார்பகப் புற்றுநோயாளர்களுக்கு இருக்கும். அதற்காக லெற்றோசோல் மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்து அந்த அளவைத் தாழ்த்தி வைக்கிறார்கள்.

ஒரு முட்டை ஒரு பிள்ளை அல்ல. 38 வயதுக்குக் குறைந்தவர்களில் உறைய வைத்த ஒவ்வொரு முட்டைக்கும் பிள்ளை பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 12 வரை என்பதே கணக்கு. பத்துப் பதினைந்து முட்டைகள் வைத்திருந்தால் நம்பிக்கைக்கு இடமுண்டு. உறுதி கிடையாது.

கலியாணமாகாத பெண்களின் வீட்டார் இங்கே தயங்குவது இயல்பு. ஸ்கானை வயிற்றின் மேலாகவும் செய்யலாம். முட்டை எடுப்பது வழமையாக யோனிவழியே என்றாலும் வயிற்றின் ஊடாக எடுக்கும் முறையும் இருக்கிறது. இதை வைத்தியரிடம் வெளிப்படையாகப் பேசலாம். கலியாணப் பேச்சில் யாரும் கேட்பார்களோ என்று பயந்து வாய்ப்பையே விட்டுவிடுவதைவிட இது மேல்.

கலியாணமானவர்கள் கணவரின் விந்தணுவோடு சேர்த்து முளையமாக உறைய வைக்கலாம். ஆனால் முளையம் இருவருக்கும் சொந்தம். பிரித்தானியாவில் நட்டலி எவன்ஸ் என்ற பெண், சூலகத்தில் கட்டிகள் இருந்ததால் 2001 இல் சூலகங்களை அகற்றுவதற்கு முன் துணைவருடன் சேர்ந்து ஆறு முளையங்களை உறைய வைத்தார். மறு ஆண்டு உறவு முறிந்தது. துணைவர் சம்மதத்தை மீளப்பெற்றார். ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை சென்றும் 2007 ஏப்ரலில் எவன்ஸ் தோற்றார். அவரிடம் முட்டை எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. கணவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எடுத்த முட்டைகளில் ஒரு பங்கைத் தனியே தன் பெயரில் வைப்பது பற்றிப் பெண் கேட்டுப் பார்க்கலாம்.

காத்திருக்க நாளில்லாதவர்களுக்கும் பூப்படையாத சிறுமிகளுக்கும் சூலகத் திசுவையே வெட்டியெடுத்து உறைய வைத்து, பின்னாளில் திரும்பப் பொருத்தும் முறை இருக்கிறது. பெல்ஜியத்தில் ஜாக் டொனேயின் குழு இவ்வாறு செய்த பெண்ணுக்கு 2004 இல் முதற்குழந்தை பிறந்தது. குருதிப் புற்றுநோயில் இதற்கு ஒரு தடை: திசுவோடு சேர்ந்து நோய்க் கலமும் திரும்பி வந்துவிடலாம். இடுப்புக்குக் கதிர் கொடுக்கப் போகிறார்கள் என்றால் சூலகங்களைக் கதிர் படாத உயரத்துக்கு நகர்த்தித் தைக்கும் சத்திரசிகிச்சையும் உண்டு. ஆரம்பநிலைக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் கருப்பையை விட்டுவிட்டுக் கழுத்தை மட்டும் அகற்ற முடியுமா என்று கேட்கலாம். இவை எல்லா இடத்திலும் நடப்பவையல்ல.

மலையகத்துப் பெண்ணுக்குக் கைக்கெட்டக்கூடியது என்று நான் நினைப்பது வேறொன்று. கோசரெலின் என்ற ஊசி. கீமோவுக்கு ஒரு வாரமாவது முன்னதாகத் தொடங்கி, கீமோ முடியும்வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடுவார்கள். அது சூலகத்தைத் தற்காலிகமாக உறங்க வைக்கிறது. ஹோர்மோன் ஏற்பி இல்லாத மார்பகப் புற்றுநோயாளர்களிடம் நடந்த ஆய்வு 2015 இல் வெளியானது. இரண்டு வருடங்களுக்குப் பின் சூலகம் செயலிழந்தவர்கள் ஊசி பெற்றவர்களில் 8 வீதம், பெறாதவர்களில் 22 வீதம். முட்டை உறைய வைப்பதற்கு இது மாற்று அல்ல என்று வழிகாட்டிகள் சொல்கின்றன. உண்மைதான். ஆனால் அந்த வழி அடைபட்டவர்களுக்கு இதையாவது கேட்க உரிமை இருக்கிறது.

நாட்களும் ரூபாயும்

மார்பகச் சத்திரசிகிச்சைக்கும் கீமோவுக்கும் இடையில் வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரங்கள் கிடைக்கும். முட்டை எடுக்க இரண்டு வாரம் போதும். கணக்கு பொருந்துகிறது. பொருந்தாதது வாழ்க்கை. முட்டை உறைய வைக்கும் சேவை தனியார் கருவள நிலையங்களில், பெரும்பாலும் கொழும்பில் இருக்கிறது. செலவு இலட்சக்கணக்கில். தோட்டத் தொழிலாளியின் நாளாந்தச் சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும் 2024 இல் 1,350 ரூபாவாகவும் ஆனது. அந்த 2024 சம்பளத்தில் 25 நாள் பேர் விழுந்தாலும் மாதம் 33,750. அதில் நோயின் போக்குவரத்துச் செலவே ஒரு பகுதியைத் தின்றுவிடும்.

ஊழியர் சேமலாப நிதியிலிருந்து 30 வீதம் வரை முன்கூட்டியே எடுக்கச் சட்டத்தில் இடமுண்டு. வீட்டுத் தேவைக்கு மட்டுமல்ல, குறிப்பிட்ட நோய்களின் சிகிச்சைக்கும் அது பொருந்தும். சேவைக்காலம், மீதித்தொகை என்று நிபந்தனைகள் இருப்பதால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டு உறவினர் காசு அனுப்பும் குடும்பங்களுக்கு ஒரு தகவல்: ஒன்ராறியோ மாகாணம் 2015 டிசம்பரிலிருந்தும் சுவிற்சர்லாந்தின் அடிப்படைக் காப்புறுதி 2019 ஜூலையிலிருந்தும் புற்றுநோயாளர்களின் கருவளப் பாதுகாப்புக்குச் செலவளிக்கின்றன. அங்கே வாழும் எங்கள் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாது.

பழைய காயம்

மலையகத்தில் "கருவளம்" என்ற சொல்லை வைத்தியர் எடுத்தாலே சந்தேகம் எழுவதற்குக் காரணம் இருக்கிறது. பல பத்தாண்டுகளாகத் தோட்டப் பெண்களிடம் பேசப்பட்ட கருவளத் திட்டம் ஒன்றே ஒன்று, கருத்தடைச் சத்திரசிகிச்சை. நிரந்தரக் கருத்தடை செய்துகொண்டவர்களின் வீதம் நாட்டின் ஏனைய பகுதிகளைவிடத் தோட்டப் பகுதியில் உயர்ந்திருந்ததைத் தேசிய ஆய்வுகளே காட்டின. சம்மதம் எவ்வளவு தூரம் சம்மதமாக இருந்தது என்பது இன்றும் பேசப்படுகிறது. 1977, 1983 வன்முறைகளில் மலையகத்தை விட்டு வன்னிக்குச் சென்ற குடும்பங்களின் பிள்ளைகளும் போருக்குப் பிறகு இதிலிருந்து தப்பவில்லை. 2013 ஓகஸ்ட்டில் கிளிநொச்சியின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில் பெண்களுக்கு வற்புறுத்திக் கருத்தடைக் குச்சிகள் பொருத்தப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது.

இதை இங்கே சொல்வது வைத்தியசாலையை விட்டு யாரையும் விலக்குவதற்கல்ல. பிள்ளை பெறுவதா இல்லையா என்பதைத் தானே தீர்மானிக்கும் உரிமை ஒன்றுதான். வற்புறுத்திக் கருத்தடை செய்வது அதை மீறுகிறது. கீமோ சூலகத்தை அழிக்கும் என்று சொல்லாமல் விடுவதும் அதே உரிமையையே தொடுகிறது, அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லாவிட்டாலும்.

மொழியும் இதில் சேரும். மஹரகமவிலோ கண்டியிலோ சம்மதப் படிவம் சிங்களத்தில் நீட்டப்பட்டால், தமிழில் விளக்கம் கேட்டுவிட்டுக் கையெழுத்திடலாம். 1987 முதல் தமிழும் அரசகரும மொழி. தெல்லிப்பளை, மட்டக்களப்பு வைத்தியசாலைகளின் புற்றுநோய்ப் பிரிவுகளில் தமிழிலேயே பேசிக்கொள்ள முடியும். வட்டகொடையிலிருந்து அவை மிகத் தூரம்.

சிகிச்சைக்குப் பிறகு

ஹோர்மோன் ஏற்பி உள்ள மார்பகப் புற்றுநோயில் தமொக்சிபென் ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம். அந்த மாத்திரை எடுக்கும்போது கர்ப்பம் கூடாது. 28 வயதில் தொடங்கியவர் முடிக்கும்போது 33 அல்லது 38. இந்த இக்கட்டுக்கு 2023 இல் ஒரு பதில் வந்தது. 42 வயதுவரையான 516 பெண்கள், 18 முதல் 30 மாதங்கள் மாத்திரை எடுத்த பின், பிள்ளைப் பேற்றுக்காக இரண்டு வருடங்கள் வரை இடைநிறுத்தினார்கள். மூன்று வருடங்களில் நோய் திரும்பியவர்கள் 8.9 வீதம். ஒப்பிடப்பட்ட, இடைநிறுத்தாத பெண்களில் 9.2 வீதம். நீண்டகால முடிவுகள் இன்னும் தேவை. மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது. மாத்திரையை நிறுத்தியபின் உடலிலிருந்து வெளியேற ஏறத்தாழ மூன்று மாதம் விட்டே கர்ப்பத்துக்கு முயலவேண்டும்.

40 வயதுக்கு முன் சூலகம் நின்றுபோனவர்களுக்குப் பிள்ளை மட்டுமல்ல, எலும்பும் இதயமும் பிரச்சினை. எப்.எஸ்.எச் 25 அலகுக்கு மேல் நின்றால் அது பற்றி வைத்தியர் பேசவேண்டும். நிணநீர்ப் புற்றுநோய் போன்றவற்றிலிருந்து மீண்டவர்களுக்கு ஹோர்மோன் மாற்றுச் சிகிச்சை கொடுக்கலாம். மார்பகப் புற்றுநோயாளர்களுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை.

கிளினிக்குக்குப் போகும்போது இவற்றைத் துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்: எனக்குத் தரப்போகும் மருந்துகளின் பெயர் என்ன, சூலகத்துக்கு அவற்றால் எவ்வளவு ஆபத்து, கீமோவை எத்தனை நாள் தள்ளிவைத்தால் பாதகமில்லை, கோசரெலின் கிடைக்குமா, கருவள வைத்தியரிடம் கடிதம் தருவீர்களா. கடைசிக் கேள்வியே முக்கியம். கட்டியின் அறிக்கை, ஏ.எம்.எச் அறிக்கை, மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய அட்டை ஆகியவற்றின் நிழற்பிரதிகளை வீட்டில் வையுங்கள், லயத்துக் கூரை ஒழுகும் பக்கமாக இல்லாமல். ஐந்து வருடம் கழித்து வேறொரு வைத்தியர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.